பாக்டீரியாவுக்கா மாவு விற்கிறார்கள் என்று கேட்ட ராஜகுமாரி அம்மையாருக்கு

பட்டாபிராம் பெற்றெடுத்த பண்பின் கொழுந்தே! அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு அறத்தை அன்றாடம் ரயிலேற்றி அழைத்துவந்த அம்மையீர்! கண்ணுக்குத் தெரியாத உயிர்களைக் கண்ணெனக் காத்தவரே! கண்ணுக்குத் தெரிந்த அநீதியைக் கண்டும் காணாதவர் போலக் கடந்து செல்லக் கற்றுக்கொள்ளாதவரே! நம் பரிசோதனைக்கூடத்தின் நுண்ணுயிரியல் பிரிவுத் தலைவியாய் வீற்றிருந்து, வீற்றிருந்த இடத்தைப் பறித்த பின்பும் தலைவியாகவே விளங்கிய திருமதி ராஜகுமாரி அவர்களே! எங்கள் வணக்கத்தை ஏற்றருள்க.

இந்தப் பணிநிறைவு விழாவில் வாசிப்பதற்கென்று நிர்வாகமே ஒரு மடலைத் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தது. பொருள்வைப்பறையில் வேலை பார்க்கும் இளங்கோவாகிய என்னிடம், ஓரளவு தமிழ் எழுதத் தெரிந்தவன் என்பதால், செப்பம் செய்யக் கொடுத்தார்கள். 'அமைதியின் உருவே, அடக்கத்தின் சிகரமே, எவரோடும் எதிர்த்து ஒரு சொல் பேசாத சாந்தமே' என்று அது தொடங்கியது. படித்ததும் எனக்குக் காது சூடேறியது. எந்த ஊர் அமைதி ஐயா? யாருடைய அடக்கம்? தங்களைப் பேசவிடாமல் செய்ய இரண்டாண்டுகள் முயன்று தோற்றவர்கள், தாங்கள் பேசவே இல்லை என்று கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப் பார்க்கிறார்களா? அந்தத் தாளை மடித்து, கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

இது நாங்கள் எழுதியது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பொது மேலாளர் திரு. தங்கவேல் அவர்கள் பொறுமையோடு கேட்க வேண்டுகிறோம். எனக்கு நுண்ணுயிரியல் தெரியாது. அந்தப் பிரிவின் விஷாலும் ரேஷ்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன். பிழை இருந்தால் அம்மையீர், வழக்கம்போல் இடையிலேயே நிறுத்தித் திருத்துங்கள்.

அம்மையீர்! ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் இக்கூடம் ஒற்றை அறையாய் இருந்த காலத்தில், படித்து முடித்த கையோடு உதவியாளராய் உள்ளே வந்தீர்கள். சத்து மாத்திரை, சத்து மாவு, சத்துப் பானம் என்று ஊரெங்கும் தயாராகும் பொருள்களில் சொன்ன வைட்டமின் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாக்டீரியாவைக் கொண்டே கண்டறியும் பிரிவை, ஒரு மேசையில் தொடங்கி ஒரு மாடியாக வளர்த்தீர்கள். பெருவெள்ளத்தில் பேட்டை முழுதும் இருண்டு கிடந்தபோது, வளர்ப்புக் குழாய்களை ஐஸ் நிரப்பிய ஃப்ளாஸ்க்கில் இட்டு, இடுப்பளவு நீரில் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தீர்கள். "குழந்தைக்குப் பாலாம்மா?" என்று படகுக்காரர் கேட்டாராம். "இதுங்க பட்டினி கெடந்து பழகினதுங்க. சூடு பட்டாதான் போயிடும்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தீர்களாம். அந்தக் குழாய்களின் வழித்தோன்றல்கள்தாம் இன்றும் நம் குளிர்பெட்டியில் இருக்கின்றன.

அந்தப் பாக்டீரியாவைப் பற்றிச் சொல்லாமல் தங்களைப் பற்றிச் சொல்ல முடியாது. பி12 என்கிற வைட்டமினைத் தானாகச் செய்துகொள்ளத் தெரியாத உயிர் அது. அந்த வைட்டமினை உள்ளே வாங்கி, துணைநொதி என்னும் கருவியாக மாற்றினால்தான் அதற்குப் பிழைப்பு ஓடும்படி வைத்திருக்கிறோம். எனவே, பி12 மட்டும் இல்லாத உணவில் அதை விட்டு, சோதிக்க வேண்டிய மாவின் சாற்றை அதில் சேர்ப்போம். வளர்ந்தால் மாவில் பி12 உண்டு, வளராவிட்டால் இல்லை. எவ்வளவு வளர்ந்ததோ அவ்வளவு சத்து. புத்தகத்தில் உள்ள முறை இது. பல்லாண்டு நாம் செய்த முறை.

ஆனால் அந்த உயிர் கெட்டிக்கார உயிர். பி12 ஒரு பெரிய மூலக்கூறு: நடுவே கோபால்ட் அணு, அதைச் சுற்றி ஒரு வளையம், வளையத்துக்கு அடியில் தொங்கும் ஒரு சிறு கண்ணி. முழுதாய்க் கிடைக்காவிட்டால் இந்தப் பாக்டீரியா சும்மா இருப்பதில்லை. அடிக்கண்ணி இல்லாத அரைகுறை முற்பொருள் வெளியே மிதந்தாலும், தன் மேல்தோலில் அதற்கென வைத்திருக்கும் வாயிலால் பற்றி உள்ளே இழுத்து, குறையைத் தானே பூட்டி, துணைநொதியாக்கிக்கொள்ளும். கண்ணி மாறிப்போன போலியாக இருந்தாலும் அதை வைத்தே காலம் தள்ளும். இடிந்த வீட்டுச் செங்கல்லைப் பொறுக்கி வந்து புதுச்சுவர் எழுப்புகிறவனைப் போன்றது அது. மனித உடம்புக்கு அந்த வித்தை கிடையாது. நம் வயிற்றில் சுரக்கும் புரதம் ஒன்று முழுமையான பி12-ஐ மட்டுமே கைப்பிடித்துக் குடலுக்குள் அழைத்துச் செல்லும். அரைகுறையையும் போலியையும் அது சட்டை செய்யாது. பாக்டீரியாவின் விருந்து மனிதனின் பட்டினியாக இருக்கக்கூடும். இது ஏட்டில் எழுதிய செய்திதான். ஏட்டிலிருந்து எழுந்து வந்து நம் வாசற்படியில் ஒற்றைச் செருப்போடு நின்றபோதுதான் நமக்கு உறைத்தது.

மாதிரிகளைப் பெற்றுப் பதிவு செய்யும் சரசாவைத்தான் சொல்கிறேன். சேக்காட்டுக்காரி; இதோ இரண்டாம் வரிசையில் இருக்கிறார். அன்று காலை அவர் படியேறி வந்ததை, சோதனைக் குழாய்கள் கழுவும் பொன்னியம்மாதான் முதலில் பார்த்தார்.

"இன்னா சரசா, ஒரு கால்ல செருப்பு கீது, இன்னொரு கால்ல காணோம்?"

சரசா குனிந்து பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. ரயில்வே மேம்பாலத்தில் கழன்றதோ, பேட்டைச் சாலையில் கழன்றதோ தெரியவில்லை. வெறுங்காலில் சரளைக்கல் குத்தி ரத்தம் கசிந்திருந்தது, அதுவும் தெரியவில்லை.

"கொஞ்ச நாளாவே காலு மரத்துகினுதான் இருக்குக்கா. பஞ்சு மேல நடக்கற மாறி கீது," என்றார்.

அவ்வளவு சாதாரணமாகச் சொன்ன அந்தச் சொல்லைக் கேட்டு அறைக்குள்ளிருந்து எழுந்து வந்தீர்கள். நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரவைத்து, அந்தக் காலைத் தங்கள் மடிமீது தூக்கி வைத்துப் பஞ்சால் துடைத்தீர்கள். துடைத்தபடியே கேட்டீர்கள்.

"சக்கரைக்கு மாத்திரை சாப்பிடறல்ல? அதுல பி12 கொறையும்னு டாக்டர் ஊசி போட்டாரே, அப்புறம் என்ன ஆச்சு?"

"ஊசி முடிஞ்சி மாத்திரை குடுத்தாரு மேடம். அத உட்டுட்டேன். அந்தப் பாசி மாவு இல்ல, அத்த மோர்ல கலக்கிக் குடிக்கிறேன். இயற்கையான பி12-ன்னு போட்டுக்கீது."

"யார் சொன்னா அதை நம்பலாம்னு?"

சரசா சிரித்தார். "டப்பா மேல நம்ம லேபு பேரு போட்டுக்கீது மேடம். உங்க கையெழுத்துகூட கீது. நாமளே நம்பலன்னா வேற யாரு நம்புவாங்க?"

அந்தக் கணத்தில் தங்கள் முகத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். அதை எழுத எனக்குத் தமிழ் போதவில்லை. தொட்டியில் வளர்த்த பாசியை உலர்த்திப் பொடித்து விற்கும் ஒரு நிறுவனம், நம் வாடிக்கையாளர், இரசாயனச் சோதனை வேண்டாம், பாக்டீரியாச் சோதனை மட்டும் போதும் என்று கேட்டு வாங்கிய சான்றிதழ் அது. 'சோதனை நுண்ணுயிர் வளர்ந்தது' என்று தாங்கள் எழுதிய வரியை 'முழுச் சத்தும் உறுதி' என்று டப்பாவில் அச்சிட்டிருந்தார்கள். வேறொருவராக இருந்தால், 'நான் எழுதியது சரி, அவர்கள் அச்சிட்டது தவறு' என்று கைகழுவி இருப்பார். அதற்குச் சட்டம் இடம் கொடுக்கும். புத்தகமும் இடம் கொடுக்கும். தாங்கள் சொன்னது இதுதான்:

"நாளைக்கே டாக்டர்கிட்ட போ சரசா. மாவை நிறுத்து. டப்பாவை என்கிட்ட கொண்டாந்து குடு."

மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். பி12 தரைமட்டத்தில் இருந்தது. அதே மாவு நம் சோதனையில் அமோகமாகத் தேறியிருந்தது!

இரண்டும் உண்மையாக இருக்க வேண்டுமானால் ஒரே ஒரு வழிதான் என்று தங்களுக்குத் தெரிந்தது. டப்பாவிலிருந்த மாவின் சாற்றை எடுத்து, ஒரு மெல்லிய தகட்டில் பொட்டாய் வைத்து, அதன் பகுதிகள் தனித்தனியே மேலேறிப் பிரியச் செய்தீர்கள். பக்கத்திலேயே அசல் பி12 ஒரு பொட்டு. தகட்டைக் காயவைத்து, பாக்டீரியா கலந்த அகார்க் கூழின் மேல் படியவைத்தீர்கள். பாக்டீரியாவுக்கு எங்கே தீனி கிடைக்கிறதோ அங்கே அது வளரும். வளர்ந்த இடம் சாயத்தால் சிவக்கும்.

மறுநாள் காலை அடைகாப்புப் பெட்டியைத் திறந்தபோது விஷாலும் ரேஷ்மாவும் அருகில் இருந்தார்கள். அசல் பி12 தன் உயரத்தில் அழகாய்ச் சிவந்திருந்தது. மாவின் வரிசையில் அந்த உயரத்தில் இருந்ததோ, மங்கலாய் ஒரு நிழல். வேறு இரண்டு இடங்களில் குங்குமம் கொட்டியதுபோல் சிவப்பு.

"மேடம், இது எங்கயோ போயி நிக்குதே," என்றான் விஷால்.

"ஒண்ணு கண்ணி மாறிப்போன போலி. இன்னொண்ணு கண்ணியே இல்லாத முற்பொருள். ரெண்டையும் பொறுக்கித் தின்னுட்டு வளர்ந்திருக்கு," என்றீர்கள். தகட்டைக் கையிலெடுத்து, "பசிக்குத் தின்னுருக்கு. தப்பு அதோடது இல்ல," என்றீர்கள்.

தகட்டோடு அப்படியே மேலாளர் அறைக்குப் போனீர்கள். கதவு திறந்தே இருந்தது. நடந்ததை நாங்கள் ஒட்டுக்கேட்கவில்லை, மாடி முழுதும் கேட்டது. திரு. தங்கவேல் அவர்களே, தாங்கள் பேசியதைத் தங்கள் எதிரிலேயே வாசிக்கிறோம். மாற்றி எழுதியிருந்தால் சொல்லுங்கள்.

"மேடம், பாக்டீரியா வளந்துச்சா இல்லையா? வளந்துச்சு. புக்குல இருக்கற மெத்தட். நாம வேற என்ன பண்ணணும்?"

"பாக்டீரியாவுக்கா சார் மாவு விக்கிறாங்க?"

"பழைய சர்டிபிகேட்டை வாபஸ் வாங்கினா கஸ்டமர் போயிடுவான்."

"போகட்டும் சார். சரசாவுக்குக் கால் போயிட்டிருக்கு."

"நீங்க நாளைக்கு ரிட்டயர் ஆகிப் போயிடுவீங்க மேடம். நாங்க இங்க பொழைக்கணும்."

தகட்டை அவர் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தீர்கள். மேலாளர் சொன்னதில் அச்சமும் இருந்தது என்பதை மறுக்கவில்லை. நாங்களும் சம்பளம் வாங்குகிறவர்கள்தாம். ஆனால் அச்சத்துக்கு அடுத்து அவர் செய்ததை எந்த அச்சமும் நியாயப்படுத்தாது. அந்த வார இறுதிக்குள் தங்கள் அறைக்கதவில் இருந்த பெயர்ப்பலகை கழற்றப்பட்டது. ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னே, ஆழ்குழாய்க் கிணற்று நீரைச் சோதிக்கும் மேசைக்குத் தாங்கள் மாற்றப்பட்டீர்கள். தாங்கள் கட்டிய மாடிக்குத் தாங்களே ஏறக்கூடாது என்று வாய்மொழி உத்தரவு. டீசல் புகையில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வேலை செய்தீர்கள். வெட்கமாய் இல்லையா? கேட்கிறோம், வெட்கமாய் இல்லையா? ஒரு பெண்மணியின் அறிவால் பெயரெடுத்த கூடம், அந்த அறிவு வேலை செய்யத் தொடங்கிய வாரத்திலேயே அதைப் புகைக்குள் தள்ளியதே!

அத்தோடு முடிந்ததா? பாசி மாவின் அடுத்த தொகுதிக்குப் புதிய சான்றிதழ் தேவைப்பட்டது. தாங்கள் இல்லை, எனவே பிரிவில் எஞ்சியோரை ஒவ்வொருவராய் அழைத்தார்கள். விஷால் போனான், "மேடம் போடாத எடத்துல நான் போட மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தான். ஜஸ்டின் போனார்; "கையில சுளுக்கு சார், பேனா புடிக்க முடியல" என்றார். எந்தக் கை என்று கேட்டதற்கு, "ரெண்டு கையும்தான் சார்" என்றாராம். பணி உறுதியாகாத நிலையில் இருந்த ரேஷ்மாவை நெடுநேரம் உட்காரவைத்துப் பேசினார்கள். கண் சிவந்து வெளியே வந்தவளிடம் என்ன சொன்னாய் என்று கேட்டோம். "கன்பர்ம் பண்ணலன்னா பரவால்ல சார், எங்கம்மாவும் சக்கரை மாத்திரை சாப்பிடறாங்கன்னு சொன்னேன்," என்றாள்.

வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து சோதனை செய்வித்துக் கையெழுத்து வாங்கலாம் என்று ஒரு யோசனை பிறந்தது. அப்போதுதான் பொன்னியம்மா எழுந்தார். இந்தச் சோதனைக்குக் குழாய்கள் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும். முந்தைய வைட்டமின் துளியளவு ஒட்டியிருந்தாலும் கணக்கு கெட்டுவிடும். அப்படிக் கழுவ இந்தக் கூடத்தில் ஒருவருக்குத்தான் கை உண்டு. மேலாளர் அறை வாசலில் ஈரக்கையோடு நின்று அவர் சொன்னார்: "எவனாச்சும் வந்து கையெழுத்து போடறான்னா போட்டுக்கட்டும் சார். ஆனா அவனுக்கு ஒரு டியூபு நான் கழுவித் தர மாட்டேன். இன்னா பண்றியோ பண்ணிக்கோ."

சான்றிதழ் வெளிவரவில்லை.

ஆனால் பழைய சான்றிதழ் கடைகளில் இருந்தது. அம்மையீர், தாங்கள் செய்த செயல்களில் எங்கள் நெஞ்சை நிமிரவைத்தது இதுதான். ஒரு விடுமுறை நாளில், யாரிடமும் சொல்லாமல் பேருந்தேறி, கரையான்சாவடி நெடுஞ்சாலையில் அந்த மாவை அடுக்கி விற்கும் கடைக்குப் போய் நின்றீர்கள். தற்செயலாய் அதே பேருந்தில் ஏறி, பின்னாலேயே வந்த ஜஸ்டின் நேரில் கண்டு சொன்னதால்தான் எங்களுக்குத் தெரியும். கடைக்காரர் அய்யாசாமி, வாங்க வந்தவர் என்று நினைத்து டப்பாவை எடுத்து நீட்டினார்.

"இதை விக்காதீங்க," என்றீர்கள். "இதுல இருக்கற பி12 மனுஷனுக்கு ஒட்டாது. மாத்திரையை விட்டுட்டு இதை நம்பறவங்களுக்கு நரம்பு போயிடும்."

கடைக்காரருக்குக் கோபம் வந்தது. "யாரும்மா நீ? எந்தக் கம்பெனிக்காரன் அனுப்பிச்சான் உன்ன? இத பாரு, சர்டிபிகேட்டு கீது, கையெழுத்து கீது. நீ இன்னா பெரிய டாக்டரா?"

"அந்தக் கையெழுத்து என்னோடது," என்றீர்கள்.

கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து, டப்பாவின் பக்கத்தில் வைத்துக் காட்டினீர்களாம். அய்யாசாமி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாராம். பிறகு மாவு டப்பாக்களை அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாய் இறக்கிக் கீழே வைக்கத் தொடங்கினாராம்.

"எம் பொண்டாட்டியும் இத்தத்தாம்மா கலக்கிக் குடிச்சிகினு கீறா. ஒரு மாசமா பாத்திரத்தக் கை நழுவ உடறா. நான் அவளத் திட்டிகினு கீறேன்," என்றவர், கடையை மகனிடம் விட்டுவிட்டு அப்போதே வீட்டுக்குக் கிளம்பினாராம்.

கரையான்சாவடியிலிருந்து பூவிருந்தவல்லி வரை எத்தனை கடை ஏறினீர்கள் என்று தாங்கள் சொன்னதில்லை; நாங்களும் கேட்டதில்லை. டப்பாக்கள் திரும்பத் தொடங்கின. பாசி மாவு நிறுவனம் கொதித்தெழுந்து நம் நிர்வாகத்திடம் முறையிட்டது. நிர்வாகம் தங்களுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை அனுப்பியது: கூடத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தீர்களாம்! தாங்கள் அதற்கு எழுதிய பதில் எங்களுக்கு மனப்பாடம்: 'களங்கம் என் கையெழுத்தில் இருந்தது. அதைத்தான் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.'

பிறகு நடந்ததைச் சொல்லும்போதுதான் இரத்தம் கொதிக்கிறது. கடைகள் கைவிட்டதும், அந்த நிறுவனம் டப்பாவிலிருந்து பி12 என்ற சொல்லையே எடுத்துவிட்டது. அதன்பின், ஆம், அதன்பின்தான், நம் நிர்வாகம் பழைய சான்றிதழ்களைத் திரும்பப் பெற்றது. பெற்றதோடு நின்றதா? தகட்டில் பிரித்துப் பாக்டீரியாவின் மேல் படியவைக்கும் தங்கள் இரண்டாம் சோதனையை 'எமது கூடத்தின் சிறப்புச் சேவை' என்று வண்ணக் கையேட்டில் அச்சிட்டது. தர விழிப்புக்கென்று ஒரு சங்கம் கொடுத்த பட்டயத்தைப் பொன்னாடையோடு வாங்கிவந்து வரவேற்பறையில் மாட்டியது. அந்தக் கையேட்டில் தங்கள் பெயர் இல்லை. அந்த மேடையில் தாங்கள் இல்லை. அன்றைக்கும் தாங்கள் கொட்டகைக்குப் பின்னால் கிணற்று நீரைச் சோதித்துக்கொண்டிருந்தீர்கள். குறிப்பாணை இன்றுவரை திரும்பப் பெறப்படவில்லை. பணி நிறைவு பெறும் இந்த நாளிலும், ஏட்டின்படி தாங்கள் குற்றம் சாட்டப்பட்டவர். குற்றம் சாட்டியவர்கள் பட்டயம் பெற்றவர்கள்!

சரசா மீண்டும் ஊசியும் மாத்திரையுமாய் இருக்கிறார். வலக்காலுக்குத் தரை தெரிகிறது. இடக்கால் விரல்நுனிகள் இன்னும் திரும்பவில்லை. திரும்பாமலே போகலாம் என்கிறார் மருத்துவர். அய்யாசாமியின் மனைவி தேறிவிட்டதாகக் கேள்வி. இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை பேர் பாத்திரத்தை நழுவவிட்டுத் திட்டு வாங்குகிறார்களோ, நமக்குத் தெரியாது. அதனால்தான் இந்தக் கோபம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம் என்று நினைக்கிறோம்.

தாங்களோ கோபத்தைக்கூட வேலையாக மாற்றியவர். கொட்டகையில் இருந்தபடியே, மதிய உணவு வேளையில் விஷாலையும் ரேஷ்மாவையும் அழைத்து, அந்தத் தகட்டுச் சோதனையைக் கைப்பழக்கம் ஆகும்வரை செய்யவைத்தீர்கள். "பாக்டீரியா பொய் சொல்லாது. ஆனா நாம கேக்கற கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும். கேள்வியை ஒழுங்கா கேளுங்க," என்பீர்கள். இன்று காலை நாங்கள் எல்லாப் பிரிவினரும் மேலாளரைச் சந்தித்து இரண்டு கோரிக்கைகளை வைத்தோம். பி12 என்று எவர் எதைக் கொண்டுவந்தாலும் தங்கள் இரண்டாம் சோதனை நடக்காமல் எங்களில் ஒருவரும் கையொப்பம் இடமாட்டோம் என்பது ஒன்று. தாங்கள் இந்த வளாகத்தின் வாசலைத் தாண்டுமுன் குறிப்பாணை திரும்பப் பெறப்பட வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதற்குச் சரியென்று தலையசைத்தார். இரண்டாவதற்கு, "மேல கேக்கணும்" என்றார். கேளுங்கள் ஐயா, கைபேசி தங்கள் சட்டைப்பையில்தான் இருக்கிறது. விழா முடிய நேரம் இருக்கிறது, நாங்கள் காத்திருக்கிறோம்.

அம்மையீர்! அறிவுச்சுடர் அணையாதவரே! அச்சத்தால் அசையாதவரே! கால் மரக்காமல், கண் மங்காமல், இரத்தத்தில் உண்மையான பி12 ஒருநாளும் குறையாமல் தாங்கள் நீடு வாழ்க! பட்டாபிராம் நிலையத்தில் காலைக் கூட்டத்தில் இடிபடாமல், ஆற அமரத் தேநீர் அருந்தும் காலைகள் தங்களுக்கு வாய்க்குக! தங்கள் கணவரும் மக்களும் சூழ, தங்கள் சொல்லுக்கு மதிப்புள்ள இடங்களிலேயே தங்கள் நாள்கள் கழிக! உடல்நலத்தோடும், குறையாத கோபத்தோடும் பல்லாண்டு வாழ்க!

இந்த மடலை இரண்டு படிகள் எடுத்து இரண்டு சட்டங்களில் அடைத்திருக்கிறோம். ஒன்று தங்கள் இல்லத்துக்கு. மற்றொன்று நம் வரவேற்பறையில், அந்தப் பட்டயத்துக்குப் பக்கத்தில், சான்றிதழ் வாங்க வருகிறவர்கள் உட்காரும் இருக்கைக்கு நேர் எதிரே, இன்று மாலையே மாட்டப்படும், ஆணி அடித்தாயிற்று. அதைக் கழற்ற விரும்புகிறவர் தாராளமாகக் கழற்றலாம். கழற்றியது நான்தான் என்று கீழே கையெழுத்திட்டுவிட்டுக் கழற்றட்டும்.

தங்கள் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்லும்,

நுண்ணுயிரியல் பிரிவினர்,
குழாய் கழுவும் அறையினர்,
மாதிரிப் பதிவுப் பிரிவினர்,
பொருள்வைப்பறையினர்.
அம்பத்தூர் தொழிற்பேட்டை.